எழுநூறு மில்லி

எல்லாம் சரியாக இருக்கும் ஓர் உலகத்தில்
திரும்பப் பிறக்கலாம் என்றால்
போவீங்களா அண்ணே என்று கேட்டது
ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரி டயாலிசிஸ் வார்டில்
ஊசி குத்த வந்த பயிற்சிப் பெண்.
வலி தெரியாமலிருக்க ஏதாவது
பேச்சுக் கொடுப்பாள், அவ்வளவுதான்.

மூன்றாம் கட்டிலில் உவரி சந்தியாகு முந்திக்கொண்டார்.
‘புது பூமியில கடல் கெடையாதுன்னு
சாமியாரு பூசையில சொன்னாரு.
கடல் இல்லாத ஊர்ல
எனக்கென்ன சோலிம்மா?’
வார்டே சிரித்தது.
கை அசைந்தால் மிஷின் கத்தும்.
இரண்டு மிஷின்கள் கத்தின.

நான் அப்போது எழுநூறு மில்லி ஆள்.
ஒரு நாளைக்கு அவ்வளவுதான் தண்ணீர்.
டீ, மோர், மாத்திரை முழுங்கும் மடக்கு
எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.
பேட்டையிலிருந்து வரும் பஸ்
ஜங்ஷன் தாண்டி ஆற்றுப் பாலம் ஏறும்போது
கண்ணை மூடிக்கொள்வேன்.
கீழே தாமிரபரணி
அளவு பார்க்காமல் போய்க்கொண்டிருக்கும்.

அந்தப் பெண்ணுக்கு நான் பதில் சொல்லவில்லை.
ஐப்பசியில் சந்தியாகு வருவது நின்றது.
மூன்றாம் கட்டிலில் ஒரு வாத்தியார்,
அவரிடம் கடலைப் பற்றிக் கேட்க ஒன்றுமில்லை.

பிறகு என் அக்கா முப்புடாதி
தன் இடது பக்கத்திலிருந்து ஒன்றை எடுத்து
என் வலது அடிவயிற்றில் வைக்கச் சொன்னாள்.
ஆறாம் நாள் நர்ஸ்
பிளாஸ்டிக் ஜக் நிறையக் கொண்டுவந்து வைத்து
‘மூணு லிட்டர் உள்ள போகணும்’ என்றாள், அதட்டலாக.
வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
மூடியின் உள்பக்கம்
சின்னச் சின்னதாக வியர்த்திருந்தது.

முதல் மடக்கில்தான் பதில் கிடைத்தது:
வேண்டாம், வரமாட்டேன்.
தாகம் இல்லாத ஊரில் இது யாருக்கு வாய்க்கும்?
எதுவும் கெட்டுப்போகாத ஊரில்
யார் யாருக்காக வயிற்றைத் திறப்பார்கள்?
கடன்படாமல் பிறந்து கடன்படாமல் சாகும் சனத்துக்கு
ஒருவர் பெயர் ஒருவருக்கு எதற்கு?
எனக்கே என்னைப் பிடித்துப்போனது.

ஊர் திரும்பி அக்காவிடம் சொன்னேன்,
கொஞ்சம் அழகாகவே சொன்னேன்.
அவள் குழாயடியில்
எட்டுக் குடத்தோடு நின்றாள்.
கனம் தூக்கக் கூடாது என்று சொன்ன மூன்று மாதம்
முடிந்திருக்கவில்லை.

‘நீ சொல்லிக்கிடுவ.
எனக்கு வேணும்ல அந்த ஊரு.
தையல் போடாத வயிறு,
தொறந்தா தண்ணி வார குழாயி.
ருசி இல்லாட்டாப் போவுது.
பெரிய மனசுன்னா குடுத்தேன்?
வேற வழி இல்லன்னுல்லா குடுத்தேன்.
வழி இருக்கப்பட்ட ஊர்ல பொறந்திருந்தா
ஒங்கூட சும்மா
சண்டை போட்டுக்கிட்டுக் கெடந்திருப்பேன்.’

அங்கே நான் யாரென்றே
உனக்குத் தெரியாமல் போய்விட்டால்?
கேட்டேன்.
‘நிம்மதி’ என்றாள்.
சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்;
பிறகு சிரிக்காமல்
குடத்தை முன்னால் தள்ளினாள்.

அன்றிலிருந்து கணக்கு உதைக்கிறது.
வேண்டாம் என்று சொல்வது யார் வாய்?
அறுபட்டது யார்?
அவள் முழுசாகப் போய்ப் பிறக்க வேண்டுமென்றால்
அடிவயிற்றைத் தடவிப் பார்க்கிறேன்,
திருப்பித் தருவேனா?
மனசுக்குள் தந்துவிடுகிறேன், பகலில்.

ராத்திரி ஒண்ணுக்கு எழுந்திருக்கிறேன்.
மூன்று வருடம் வராமலிருந்து வந்த சத்தம்,
ஓட்டுக் கழிவறையில் நின்று
ஒவ்வொரு தடவையும் முழுதாகக் கேட்பேன்.
வெளியே வந்தால் மணி மூன்று.
எதிர் வரிசையில் அக்கா வீட்டில் லைட்.
வாளி இழுக்கும் ஓசை.
இன்றைக்குத் தண்ணீர் விடும் நாள்.